அஞ்சு மணி போன்

கனகலதாவுக்குக் கைராசி உண்டு என்று திருவண்ணாமலைக் கல்லூரியின் வேதியியல் துறையில் முதன்முதலில் கிளப்பிவிட்டது யார் என்று இப்போது கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் கைராசியை நம்புகிறோம் என்று வெளியில் சொல்லிக்கொண்டால் மானம் போய்விடாதா? ஆனால் விலை கூடிய ரசாயனப் புட்டி எது வந்தாலும் மூடியைத் திறக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். போன வருஷம் புதுக் கருவி ஒன்று வந்து இறங்கியபோது அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரமே இல்லாத பெட்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது என்று அரைமணி நேரம் விவாதம் நடத்தினார்கள். கடைசியில் ஸ்விட்சைப் போட்டது கனகலதாதான்.

இத்தனை மரியாதைக்கும் காரணம் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருந்தது. மயிரிழை மாதிரி மெல்லிய மஞ்சள் ஊசிகள். அவற்றை இருட்டில் வைத்து யூவி விளக்கைக் காட்டினால் பச்சைப் பசேல் என்று ஒளிரும். கெட்டுப்போன மீனின் வாடை பட்டால் அந்த ஒளி அணைந்துவிடும். மீன் பொட்டலத்துக்குள் துளி ஒட்டி அனுப்பினால், வாங்குகிறவர் மூக்கை நம்ப வேண்டியதில்லை, விளக்கைக் காட்டினால் போதும். கனகலதா பிறந்தது முதல் மீனைத் தொட்டதில்லை. ஆரணிப் பக்கம் ஒரு ஜைனக் கிராமத்தில் பயிர் வைத்துப் பிழைக்கும் விருசபதாசனின் மகள் அவள். சோதனைக்கு மீன் வாங்கி வருவது சீனியரான புகழேந்தியின் வேலை. மூக்கைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு குறிப்பெடுப்பது இவள் வேலை.

ஊசிகளைச் செய்யும் முறையில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. இரண்டு பொருள்களை ஆல்கஹாலில் போட்டு ஸ்டிரர் மேல் வைக்க வேண்டும். ஸ்டிரர் என்றால் கீழே சூடு தந்து, பிளாஸ்குக்குள் கிடக்கும் காந்தக் குச்சியைச் சுழற்றிவிட்டுக் கலக்குகிற சின்ன அடுப்பு. கொதித்ததும் இறக்கி, ஆறியதும் ஐஸில் வைத்து, வடிகட்டினால் தீர்ந்தது. கனகலதா செய்தால் மஞ்சள் ஊசி வரும். வேறு யார் செய்தாலும் வெள்ளைப் பொடி வரும். இரண்டும் ஒரே பொருள்தான் என்று எல்லாக் கருவிகளும் சத்தியம் செய்தன. செங்கல்லை அடுக்கினால் சுவர், கொட்டினால் குவியல். உள்ளே இருக்கும் அடுக்கு வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பொடி ஒளிராது. ஒளிராத பொருளை வைத்துக்கொண்டு மீனையும் பார்க்க முடியாது, பட்டத்தையும் பார்க்க முடியாது.

முதலில் இது பெருமையாகத்தான் இருந்தது. "என் கைக்கு மட்டும்தான் வருது" என்று ஊருக்குப் போன் செய்து அப்பாவிடம் சொன்னாள். அப்பா அதை ஊர் ஜினாலயத்தில் நாலு பேரிடம் சொன்னார். பிறகு, கட்டுரை அனுப்பியிருந்த ஆராய்ச்சி இதழிலிருந்து பதில் வந்தது. வேறொரு ஆய்வகமும் இதைச் செய்து காட்டினால்தான் கட்டுரையை ஏற்க முடியும் என்றார்கள். நியாயமான நிபந்தனைதான். அவளுக்கு வழிகாட்டியான சந்திரகலா மேடம் சென்னையில் தனக்குத் தெரிந்த ஆய்வகம் ஒன்றுக்குச் செய்முறையை அனுப்பினார். அவர்கள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, வெள்ளைப் பொடியின் படத்தை அனுப்பி வைத்தார்கள்.

மேடம் புகழேந்தியைச் செய்யச் சொன்னார். பொடி. அவன் ரோஷத்தில் ஸ்டிரரில் ராத்திரி முழுக்க மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தான். காலையில் வந்து பார்த்தால் அதே பொடி, இன்னும் கொஞ்சம் மிருதுவாக. ஜூனியர் இனியாவைச் செய்யச் சொன்னார். அதுவும் பொடி.

"கைராசின்னு பேப்பர்ல எழுத முடியாதும்மா" என்றார் மேடம். "மாசக் கடைசிக்குள்ள பதில் போடணும். இன்னொருத்தர் கையில வரலன்னா இந்த சாப்டரைத் தூக்கிட வேண்டியதுதான்."

அந்த அத்தியாயத்தைத் தூக்கினால் ஆய்வேட்டில் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான். பட்டம் போவது ஒரு பக்கம். மேடம் சொல்லாமல் விட்ட இன்னொன்று இருந்தது. ஒருவர் கையில் மட்டும் வரும் பொருளுக்கு ஆராய்ச்சி உலகத்தில் வேறு பெயர். அதைப் பொய் என்பார்கள்.

ஆகவே அவள் தன் கையைத் தானே ஆராயத் தொடங்கினாள். இனியாவுக்கு இதில் ஏக குஷி. அவள் கனகலதாவின் லேப் கோட்டைப் போட்டுக்கொண்டாள். வாயில் கீறல் விழுந்த, கனகலதாவுக்குப் பிடித்த பிளாஸ்கை எடுத்துக்கொண்டாள். மலை தெரியும் ஜன்னலோரத்தில், கனகலதா நிற்கும் இடத்திலேயே நின்றாள். அவள் கையுறை, அவள் தண்ணீர், கடைசியில் அவள் தலைக்குத் தடவும் எண்ணெய்வரை தடவிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நீங்க கொதிக்கும்போது மனசுல எதுனா மந்திரம் சொல்றீங்களா?"

"சும்மா இருடி."

"இல்ல, உங்காளுங்க மந்திரம் எதுனா இருக்கும்ல. சொன்னீங்கன்னா நானும் சொல்றேன்."

மந்திரமும் இல்லை. புகழேந்தி ஒரு போலீஸ்காரன் மாதிரி ஒவ்வொரு படியாக விசாரித்தான். எவ்வளவு எடுக்கிறாய், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் ஆறவிடுகிறாய்?

"கை பொறுக்கற சூடு வர்ற வரைக்கும்ணா. அப்புறம் ஐஸ்."

"நானும் அதான செய்றேன்?"

அவள் பொய் சொல்லவில்லை. மேடம் முதல் வருஷம் கற்றுத் தந்தது அதுதான், தான் செய்வதும் அதுதான் என்று மனதார நம்பினாள். நாம் எல்லோருமே இப்படித்தான். பல் விளக்கும்போது முதலில் எந்தப் பக்கம் தேய்க்கிறாய் என்று யாராவது திடீரென்று கேட்டால் திருதிருவென்று விழிப்போம்.

இங்கே அவளுடைய இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆய்வகம் முழுக்க அறிந்த விஷயம், ஆனால் முழுக்கத் தப்பாக அறிந்தது. ஸ்டிரர் காலையில் புகழேந்திக்கு, மதியத்துக்கு மேல் இவளுக்கு. கொதிக்கவைத்து இறக்குகிற நேரத்துக்குச் சரியாக மாலை ஐந்து மணி ஆகிவிடும். உடனே கனகலதா, "போன் பேசிட்டு வரேன்" என்று வெளியே போய்விடுவாள். மூன்று வருஷமாக இது நடக்கிறது. தினம் ஐந்து மணிக்கு ஒரு பெண் போன் பேசப் போனால் ஊர் என்ன நினைக்கும்? இனியா ஒரு மாப்பிள்ளையையே செய்து முடித்திருந்தாள். அவன் ஓமனில் வேலை பார்க்கிறான், தாடி வைத்திருக்கிறான், அங்கே டீ இடைவேளையில் இங்கே கூப்பிடுகிறான். "அஞ்சு மணி" என்றுதான் அவனுக்குப் பெயர்.

அந்த அஞ்சு மணி உண்மையில் ஒரு டிபன் பாக்ஸ். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக்கூடாது என்பது அவள் வீட்டு வழக்கம். அவளுக்கு அது பழக்கம், விரதம் என்றுகூடத் தோன்றாத அளவுக்குப் பழக்கம். திருவண்ணாமலையில் அதிலும் ஒரு சங்கடம். கல்லூரி மலைக்குக் கிழக்கே இருக்கிறது. வானத்தில் வெளிச்சம் பாக்கி இருக்கும்போதே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். அது பொழுது சாய்ந்த கணக்கா இல்லையா என்று அப்பாவைக் கேட்டாள். "மலை மறைச்சா மறைச்சதுதான், நாம எதுக்கு வக்கீல் வெச்சு வாதாடணும்?" என்றார் அவர். அதனால் சூரியன் மலை முதுகைத் தொடுவதற்குள், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு, குழாயடியில் பாத்திரத்தைக் கழுவி வந்துவிடுவாள்.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். சேர்ந்த புதிதில் அவள் மறைக்கவில்லை. வராந்தாவில் எல்லோர் முன்னாலும்தான் டிபன் பாக்ஸைத் திறந்தாள். "இன்னா இது, ஆஸ்பத்திரியில பேஷண்ட்டுக்குக் குடுக்கற நேரத்துல சாப்பிடற?" என்று ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவள் காரணத்தைச் சொன்னாள். உடனே அடுத்த கேள்வி: "ஓ, நீங்க நார்த்தா? தமிழ் நல்லா பேசறீங்களே!" ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இதே மண்ணில் உழுது நாற்று நட்ட குடும்பத்துப் பெண்ணைப் பார்த்து, தமிழ் நன்றாகப் பேசுகிறாய் என்றால் எப்படி இருக்கும்? பள்ளியில் சொன்னாள், கல்லூரியில் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்குச் சொன்னாள். சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தது. மறுநாள் ஐந்து மணிக்குக் கோட்டுக்குள் டிபன் பாக்ஸை மறைத்துக்கொண்டு, "போன் பேசிட்டு வரேன்" என்றாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காதலுக்கு இருக்கும் மரியாதை சாப்பாட்டுக்கு இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

மாசம் பாதி தாண்டிய ஒரு நாள், சந்திரகலா மேடம் சொன்னார்: "நாளைக்கு எங்க எல்லார் முன்னாடியும் நீ செய்மா. நாங்க கூடவே நின்னு பார்க்கறோம். எங்கயோ ஒண்ணு இருக்கு, நம்ம கண்ணுக்குத் தப்புது."

மறுநாள் ஸ்டிரரைச் சுற்றி மேடம், புகழேந்தி, இனியா மூவரும் நின்றார்கள். கனகலதா எடை போட்டாள், ஊற்றினாள், கொதிக்கவிட்டாள். மூன்று ஜோடிக் கண்கள் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன. இறக்கி வைத்தபோது ஐந்தாகிவிட்டது. ஜன்னலில் சூரியன் மலைத் தோளுக்கு ஒரு முழம் மேலே நின்றது.

"இன்னா கனகா, இன்னிக்கு அஞ்சு மணி கூப்பிடலையா?" என்றான் புகழேந்தி.

"இன்னிக்கு வேணாம்ணா."

எப்படிப் போவாள்? பரீட்சை நடக்கும்போது எழுந்து போனால் ஓடிவிட்டாள் என்பார்கள். அவள் அங்கேயே நின்றாள். எல்லோரும் நின்றார்கள். நிற்கிறவர்களுக்குக் கை சும்மா இருக்குமா? மேடம் பிளாஸ்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே" என்று வைத்தார். இனியா குனிந்து மூக்கு படுமளவுக்குப் பார்த்தாள், விரலால் சுண்டினாள். புகழேந்தி எடுத்து மெதுவாகச் சுழற்றினான். கனகலதாவே நிலைகொள்ளாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கை பொறுக்கும் சூடு வந்தது. ஐஸில் வைத்தார்கள்.

பால் திரிகிற மாதிரி வெள்ளையாகப் பொடி இறங்கியது.

சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, எல்லாரும் கிளம்புங்க" என்றார். படியிறங்கும்போது புகழேந்தி சத்தமாக இல்லாமல், ஆனால் கேட்கும்படியாகக் கேட்டான்: "அப்போ மூணு வருஷமா காட்டுனது எங்கேர்ந்து வந்துச்சு?"

பஸ்ஸில் வேங்கிக்காலில் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போய்ச் சேரும்வரை கனகலதாவின் காதில் அந்தக் கேள்வியே கேட்டுக்கொண்டிருந்தது. டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே மூலையில் வைத்தாள்.

காலையில் வெயில் வந்ததும் முதல் வேலையாகத் தெருமுனைக் கடையில் போய் இட்லி வாங்கினாள். அப்படி ஒரு பசி. முதல் தட்டு போன இடம் தெரியவில்லை. இரண்டாவது தட்டைக் கேட்டபோது கடைக்காரர் காசியம்மாள், "ராத்திரி சாப்பிடலையா பாப்பா?" என்றார். "இல்லக்கா, நேத்து முடியல" என்று சொல்லி ஒரு விள்ளலைத் தேங்காய்ச் சட்னியில் தோய்த்தவள், கையை அப்படியே நிறுத்திவிட்டாள்.

நேற்று எல்லாம் எப்போதும் போலத்தான் நடந்தது. பொருள் அதே, பிளாஸ்க் அதே, ஆள் அதே. ஒன்றே ஒன்றுதான் வேறு. நேற்று அவள் சாப்பிடவில்லை.

அவளுக்கே சிரிப்பு வந்தது. என் வயிறு நிறைந்ததா இல்லையா என்று பிளாஸ்குக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் கேள்வி வந்தால் விடுகிற ஜாதி இல்லை அவள். சட்னி சொட்டிக்கொண்டிருக்க, ஐந்து மணிக்குத் தான் செய்வதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஸ்டிரர் ஸ்விட்சை அணைப்பேன். ஆளில்லாத அறையில் லைட் எரிந்தால் அம்மா திட்டுவாள், அந்தப் பழக்கம். யாரும் தட்டிவிடாதபடி பிளாஸ்கைச் சுவரோரம் நகர்த்துவேன், மூடி வைப்பேன், கோட்டுக்குள் பாக்ஸை மறைத்துக்கொண்டு போவேன். சாப்பிடுவேன், கழுவுவேன், வருவேன். வந்து தொட்டால் கை பொறுக்கும் சூடுதான் இருக்கும், உடனே ஐஸில் வைப்பேன்.

வந்து தொட்டால். அதற்கு முன்னால் யாரும் தொடவே இல்லை.

மீதி இட்லியைச் சாப்பிட்டாளா என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. சாவி வாங்கிக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். கொதித்த கரைசலை இரண்டு பிளாஸ்குகளில் பாதி பாதியாக ஊற்றினாள். ஒன்றைச் சுவரோரம் மூடி வைத்தாள். இன்னொன்றை எதிரில் வைத்துக்கொண்டு, முந்தைய நாள் எல்லோரும் செய்தது போலவே தூக்கினாள், வெளிச்சத்தில் பார்த்தாள், சுழற்றினாள், சுண்டினாள். சுவரோரத்து பிளாஸ்கைப் போய்ப் பார்க்கச் சொல்லி மனசு பிடுங்கித் தின்றது. தன் கைமேல் தானே உட்கார்ந்துகொண்டாள். நிஜமாகவே, நாற்காலியில் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து.

தூக்கிப் பார்த்ததில் பொடி. தொடாமல் விட்டதில், மூடியை எடுத்தபோது, அடியிலிருந்து மேலே ஒரு பூ மாதிரி மஞ்சள் ஊசிகள் கிளம்பியிருந்தன.

கனகலதா தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள். மூன்று வருஷமாக ஊரே கொண்டாடிய கைராசி இதுதானா! அவளுடைய கை அங்கே இல்லாமல் இருந்ததுதான். மற்றவர்கள் எல்லோரும் நல்ல ஆராய்ச்சியாளர்கள், அதனால்தான் கெட்டார்கள். வந்ததா வந்ததா என்று பார்த்துப் பார்த்தே வராமல் செய்துவிட்டார்கள். ராத்திரி முழுக்க விட்டுவைத்த புகழேந்தியும் ஸ்டிரரை அணைக்காமல் அல்லவா விட்டுவைத்தான்.

திங்கட்கிழமை மேடத்தின் அறையில் இரண்டு குப்பிகளையும் மேசைமேல் வைத்தாள். புகழேந்தியும் இனியாவும் வந்து நின்றார்கள். நடந்ததைச் சொன்னாள். மேடம் இரண்டையும் விளக்குக்குக் கீழே மாறி மாறிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. அடுத்த நொடியே வாத்தியார் முகம் திரும்பி வந்துவிட்டது.

"அப்போ மூணு வருஷமா நீ இதைத் தொடாம விட்டிருக்க. ஏம்மா சொல்லல?"

"எனக்கே தெரியல மேடம். அந்த நேரத்துல நான் லேப்லயே இருக்க மாட்டேன்."

"ஐயோ, ஆமா மேடம்!" இனியா துள்ளினாள். "அக்கா அஞ்சு மணிக்குப் போன் பேசப் போவாங்க! அதான் விஷயம்!"

"சரி. எவ்ளோ நேரம் விட்டேன்னு எழுதணுமே? போன்னா ஒருநாள் கம்மி ஆகும், ஒருநாள் ஜாஸ்தி ஆகும்."

புகழேந்திக்கு அன்றைக்குச் சொன்னது உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். எப்படியாவது உதவ வேண்டும் என்ற வேகத்தில் சொன்னான்: "அது ஈஸி மேடம். போன்ல கால் ஹிஸ்டரி இருக்கும். எந்தெந்த நாள் எவ்ளோ நேரம் பேசினான்னு அப்படியே எடுத்துடலாம். டேட்டாவே ரெடி."

"அட, நல்ல ஐடியா" என்றார் மேடம். "போனைக் குடும்மா, பார்த்துடலாம்."

கனகலதாவுக்கு முகம் சூடானது. பொய்க்கு ஆதாரம் கேட்டு யாராவது வருவார்கள் என்று பயப்படலாம், ஆனால் இப்படி உதவி செய்கிறேன் என்று வருவார்கள் என்று யார் எதிர்பார்க்க முடியும்? போனைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேசாமல், ஹிஸ்டரி அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். சொன்னால் நம்பவும் செய்வார்கள். மேசைமேல் ஊசிகள் விளக்குக்குக் கீழே பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. அவை உண்மை. அவை எப்படி வந்தன என்பதில் மட்டும் ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"போன் இல்ல மேடம்" என்றாள். "நான் சாப்பிடப் போவேன். பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும். லைப்ரரி பின்னாடி படிக்கட்டுல உக்காந்து சாப்பிட்டு, பாக்ஸைக் கழுவிட்டு வருவேன். டெய்லி அதே நேரம்தான் ஆகும்."

இனியாவின் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

"அப்போ... அந்த ஆளே இல்லையாக்கா?"

"எந்த ஆளு?"

"ஓமன்ல... தாடி..."

மேடம்தான் முதலில் சிரித்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிடறதை ஏம்மா மறைச்ச?" என்றார். கனகலதா அந்த ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கதையைச் சொன்னாள். யார் சொன்னது என்று சொல்லவில்லை. புகழேந்தி தரையைப் பார்த்தான்.

"நான்தான் சொன்னேன்" என்றான். "அது உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கா? எனக்கு சுத்தமா மறந்துடுச்சு."

"சொன்னவங்களுக்கு மறந்துடும்ணா" என்றாள் கனகலதா. கோபத்தோடு சொல்லவில்லை. ஆனால் சொன்னாள், சொன்னதும் பெரிய ஆறுதலாக இருந்தது.

அன்று மாலை இனியா செய்தாள். தன் கோட்டு, தன் பிளாஸ்க், தலையில் தன் எண்ணெய். ஐந்து மணிக்கு இறக்கி, ஸ்டிரரை அணைத்து, சுவரோரம் வைத்து மூடினாள். மேடம் எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "எனக்கே எட்டிப் பார்க்கணும்போல இருக்கு, என்னை நம்பாதீங்க" என்றார். நால்வரும் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். எலுமிச்சைச் சாதமும் அவரைக்காய்ப் பொரியலும் ஆளுக்கு இரண்டு வாய் வந்தது. வெங்காயம் போடாமலே இந்த ருசி எப்படி என்று இனியா விசாரித்தாள். சூரியன் மலை முதுகைத் தொடுவதற்குள் பாக்ஸ் காலி. குழாயடியில் அதைக் கழுவியது புகழேந்தி. தேய்த்துத் தேய்த்துக் கழுவினான், கனகலதா போதும் என்று சொல்லும்வரை.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தார்கள். இனியா மூடியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் கையிலயும் வந்துடுச்சுக்கா" என்றாள்.

மேடம் அன்றைக்கே சென்னைக்குத் திருத்திய செய்முறையை அனுப்பினார். அசைக்காமல், தொடாமல், எடுத்துப் பார்க்காமல் விட வேண்டிய நேரம் எவ்வளவு என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த நேரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் எழுதவில்லை. அதை எழுதினால் அங்கே இருக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்றார்.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். இங்கே வந்துவிட்டது, சரி. அங்கே வராவிட்டால் கட்டுரை கிடையாது. கனகலதா ஒவ்வொரு நாளும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தாள். திறந்து பார்க்காதே, பொடியாகிவிடும் என்று இனியா கிண்டல் செய்தாள்.

மாசத்தின் கடைசி வாரத்தில் ஒருநாள் ஐந்து மணி. கனகலதா டிபன் பாக்ஸைக் கோட்டுக்கு வெளியே, கையிலேயே எடுத்துக்கொண்டாள். "சாப்பிட்டுட்டு வரேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டபோதுதான் போனை ஆய்வக மேசையிலேயே வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. எழலாமா என்று யோசித்தாள். சூரியன் மலைக்கு மேலே இரண்டு விரல்கடை உயரத்தில் இருந்தது. அதற்குள் புகழேந்தி நூலகத்தைச் சுற்றிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தான். அவன் கையில் அவள் போன்.

"சென்னையிலேர்ந்து கூப்பிட்டாங்க. உன்கிட்டதான் பேசணும்னாங்க."

அவள் இடது கையை நீட்டினாள். அவன் போனைத் தரவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"கனகலதா இப்போ போன் பேச முடியாது, சாப்பிட்டுட்டு இருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்கன்னு சொல்லி வெச்சுட்டேன்."

"ஐயோ, அண்ணா! என்ன விஷயம்னாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்." புகழேந்தி அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்துகொண்டான். "ஊசி வந்துடுச்சாம். நீ சாப்பிடு. பொழுது இன்னும் இருக்கு."